மாந்துளிர் நிறத்துச் சுவர்

தாய்ப்பூச்சு பூசுகிற அறைக்குள் வேலையாள் வாய் திறக்கக் கூடாது. உள்ளே போகும் முன்பே மூக்குக்குக் கீழே நாலு மடிப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். தும்மல் வந்தால் வெளியே ஓட வேண்டும். கைபேசி, செருப்பு, சாவிக்கொத்து என்று சத்தம் போடுகிற எதுவும் வாசலோடு சரி. ஏனென்றால் அந்தப் பூச்சுக்குக் காது உண்டு. கூலிக்காரன் குரல் அதில் ஏறிவிட்டால் பிறக்கப்போகிற பிள்ளைக்கு அவன் குரல்தான் தாலாட்டாகும். அப்புறம் அந்தச் சுவரையே பெயர்த்து எறிய வேண்டியதுதான்.

தணிகைவேல் இந்த வேலைக்கு வந்த பிறகு பகலில் பேசுகிற பழக்கமே விட்டுப்போனது. வீட்டுக்கு வந்தாலும் கேட்டதற்குத் தலையை ஆட்டுவான். அவன் மனைவி சத்தியா அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவாள்.

"ஊமையன் எவனாவது கேட்டிருந்தா நகை நட்டு போட்டாவது கட்டிக் குடுத்திருப்பாங்க எங்க வீட்ல. உன்ன நம்பி வெறுங்கழுத்தோட வந்தேன் பாரு."

அதற்கும் தலையை ஆட்டுவான்.

அப்போது அவன் பூசிக்கொண்டிருந்தது மிருதுளா என்கிற அம்மாவின் வீடு. ஏரியைத் தூர்த்துக் கட்டிய அடுக்ககத்தில் உச்சி மாடி. பிள்ளையறைக்கென்று அந்த அம்மா செய்யாத ஏற்பாடு இல்லை. கதவு, அலமாரி, சன்னல் எல்லாவற்றின் முனைகளையும் மழுக்கச் சொன்னாள். பிள்ளை பிடித்து எழும்போது சாயாதபடி அலமாரியைச் சுவரோடு இறுக்கச் சொன்னாள். விழுந்தாலும் வலிக்காத தக்கைத்தரை போட்டாள். தவழ்கிற பிள்ளைக்கு வானம் தெரிய வேண்டும் என்று சன்னலைத் தாழ்வாக இறக்கி, தலை நுழையாத அளவுக்கு நெருக்கமாகக் கம்பி வைத்தாள். நிறத்துக்குத்தான் நாள்கணக்கில் யோசித்தாள். கடைசியில் மாமரத்தின் புதுத் துளிர் நிறம் என்று முடிவானது. செம்பும் இல்லாமல் ரோஜாவும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவே ஓர் ஈரம்.

"நீங்க பேசக் கூடாதுன்னு தெரியும்ணா. தலைய மட்டும் ஆட்டுங்க. நல்லா இருக்கா?" என்று கேட்டாள்.

ஆட்டினான்.

"நேத்து காட்டின பச்சைக்கும் இப்படித்தான் ஆட்டினீங்க. எங்க வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே பள்ளிக்கூடம் போல." சிரித்துக்கொண்டே வயிற்றைத் தடவினாள். "கேட்டியா துளிர்? அண்ணாவுக்குப் பிடிச்சிருக்காம். நான் இங்கதான் இருக்கேன். நீ தூங்கு."

அவள் இடுப்பில் கேட்பட்டை கட்டியிருந்தது. அவளுடைய நெஞ்சுத் துடிப்பு, உடம்புச் சூடு, பேச்சு, முணுமுணுப்பு எல்லாம் அதன் வழியாகச் சுவருக்குப் போகும். பூச்சில் உள்ள உயிர்மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. அவை மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருக்கும். பிறந்த பிள்ளையை அந்த அறைக்குள் கொண்டுவந்து, அது முதல் தடவை வீறிட்டு அழுததும் பூச்சு உறைந்துவிடும். அதற்குப் பிறகு அந்தச் சுவர் அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான். அழ வாயெடுத்தால் போதும், சுவர் சூடாகும், துடிக்கும், தாயின் குரலில் முனகும். பிள்ளை மறுபடி வயிற்றுக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டு தூங்கிப்போகும். பெற்றவள் நிம்மதியாக வேலைக்குப் போகலாம்.

தாய்ப்பூச்சு வந்த பிறகு அடுக்ககங்களில் பிள்ளை அழுகிற சத்தமே இல்லாமல் போயிற்று. எங்காவது அழுகை கேட்டால் அது குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். தணிகை இருந்தது அப்படி ஒரு வாரியக் குடியிருப்பில்.

சத்தியாவும் அப்போது வயிற்றோடு இருந்தாள். உள்ளறையை ஒழித்து ஒரு கை பூசி வைக்கலாமே என்று அவன் மெல்ல ஆரம்பித்ததும் சீறினாள்.

"வாய மூடுய்யா. பொறக்கறதுக்கு முன்ன ஒரு சட்டத் துணி எடுக்கக் கூடாது, தொட்டிலுக்குக் கயிறு வாங்கக் கூடாது. நீ அறையே கட்டறியா? ஏற்கெனவே ஒண்ணு தங்கல, மறந்துட்டியா?"

"அந்த அம்மா எல்லாம் பண்றாங்க, சத்தியா. பேரு கூட வச்சிட்டாங்க."

"அவங்க பண்ணுவாங்க. அவங்களுக்கு எது வந்தாலும் தாங்கும். எனக்குத் தாங்காது."

அவள் சொன்னது தப்பு. அவர்களுக்கும் தாங்கவில்லை.

மேஸ்திரி அந்தோணி ஒரு காலையில் கூப்பிட்டு, "டேய் தணிகை, அந்த உச்சி மாடி வீடு. சுரண்டிட்டு வெள்ளையடிக்கணுமாம். போ. ஒண்ணும் கேக்காத," என்றார். கேட்பதற்கு வாய் ஏது. துணியைக் கட்டிக்கொண்டு போனான். மிருதுளா அறை நடுவில் தக்கைத்தரையில் உட்கார்ந்திருந்தாள். வயிறு இல்லை, பட்டை இல்லை, பிள்ளையும் இல்லை. பக்கத்து அறையில் உறவுக்காரர்கள் யாரோ, பிறக்கும் முன்னால் இத்தனை ஆட்டம் ஆடினால் இப்படித்தான் என்று காதில் விழும்படியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சுரண்டிக் கொட்டிடுங்கண்ணா. ஒரு சொட்டு கூட இருக்கக் கூடாது," என்றாள். அப்புறம், "இனிமே நீங்க பேசலாம்," என்றாள்.

அவன் துணியைக் கழற்றாமலே சுரண்டினான்.

சுவரில் இருந்ததைக் கொட்டிவிட்டான். ஆனால் மூலையில் ஒரு டின் இருந்தது. கீறல் விழுந்தால் தொட்டுப் பூசுவதற்கென்று அந்த அறையிலேயே, மூச்சு விடுகிற மூடி போட்டு, சுவரோடு சேர்ந்து கேட்கும்படி மாதக்கணக்காக வைத்திருந்த டின். பாதிக்கு மேல் இருந்தது. அதைக் கொட்ட அவனுக்குக் கை வரவில்லை. பெயின்ட் வேலை செய்கிறவன் எவனுக்கும் வராது. அவர்கள் வீடு எந்தத் தெருவில் இருந்தாலும் பார்த்த மாத்திரத்தில் தெரியும். முன்சுவர் யாரோ டாக்டர் வீட்டு நீலம், பக்கச்சுவர் ஏதோ பள்ளிக்கூடத்து மஞ்சள், கதவு கோயில் கம்பிவேலிப் பச்சை. மிச்சத்தை மிச்சத்தோடு கலந்து, குச்சியால் நன்றாகக் கலக்கிவிட்டால் பழைய நிறம் போய்ப் புது நிறம் வந்துவிடும். இதுவும் அப்படித்தான், கலக்கினால் கேட்டதெல்லாம் கலைந்துவிடும் என்று நினைத்தான். ஒவ்வொரு உயிர்மணிக்குள்ளும் கேட்டது முழுசும் இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பூசுகிறவனுக்கு அது எதற்கு?

சத்தியாவுக்குப் பெண் பிறந்தது. கையும் காலும் நன்றாக உதைத்தது. அழுகைதான் தாங்கவில்லை. எதிர்ப்பக்க அடுக்ககத்துக்காரர்கள், அழுகைச் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று வாரியத்தில் புகார் கொடுத்தார்கள். சத்தியா வேலை செய்த மின்கலம் பிரிக்கிற பட்டறையில், சீக்கிரம் வராவிட்டால் இடம் போய்விடும் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா வேளைக்கு வந்து பால் கொடுப்பாளே தவிர, நாள் முழுக்க அழுகிற பிள்ளையை வைத்துக்கொள்ள அவளால் ஆகாது.

தணிகை கட்டிலுக்கு அடியில், சத்தம் ஏறாதபடி சாக்கால் இறுகச் சுற்றி ஒளித்து வைத்திருந்த டின்னை இழுத்தான்.

"எங்கேர்ந்துய்யா?" என்றாள் சத்தியா.

"மிச்சம். பல வீட்டு மிச்சம். இப்பத்தான் பொறந்துட்டாளே, இனிமே பூசலாம் இல்ல?"

அதில் அவள் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. வேறு வீடுகளின் வெள்ளை மிச்சத்தோடு கலந்து, உள்ளறை நாலு சுவருக்கும் பூசினான். நிறம் திட்டுத்திட்டாக வந்தது. ஆனாலும் அந்த இருட்டு அறையில் ஒரு மாமரம் துளிர்த்த மாதிரிதான் இருந்தது. முனை மழுக்க மரவேலைக்காரனைக் கூப்பிட வழியில்லை என்று, அலமாரி முனைகளில் பழைய துணியைச் சுற்றிக் கட்டினான். காய்ந்ததும் சத்தியா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். பிள்ளை வீறிட்டது. சுவர் ஒருமுறை சிலிர்த்து உறைந்தது.

பிறகு பேசியது.

"துளிர்... நான் இங்கதான் இருக்கேன். நீ தூங்கு."

பிள்ளை அழுகையை நிறுத்தியது.

தணிகைக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்தது.

"யாருய்யா அது பேசறது?" என்றாள் சத்தியா.

"கம்பெனிக் குரல்," என்றான்.

கல்யாணமான நாளாக அவளிடம் அவன் சொன்ன முதல் முழுப் பொய் அது. பிள்ளை தூங்கிவிட்டிருந்தது. அது தூங்கி, அவர்களும் தூங்கி எத்தனை நாளாயிற்று! உண்மையை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

பிள்ளைக்கு வெண்மதி என்று பெயர் வைத்தார்கள். காதில் சொன்னார்கள், தொட்டிலில் போட்டுச் சொன்னார்கள். அது திரும்பவில்லை. சத்தியா வேலை முடிந்து, கையெல்லாம் அமிலக் கருப்போடு வந்து தேய்த்துக் கழுவிவிட்டுத் தூக்குவாள். பிள்ளை அவள் தோளுக்கு மேலே எட்டிச் சுவரைப் பார்க்கும். சுவர் முனகினால் பொக்கை வாயால் சிரிக்கும்.

"உன் மவளுக்கு நான் சித்தி மொறை போல," என்பாள் சத்தியா. "பெத்தவ செவுத்துக்குள்ள இருக்கா. ராணியாட்டம். நமக்கு பீத்துணி அலசற வேலதான்."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். மாதம் ஆக ஆகச் சிரிப்பு குறைந்தது. பிள்ளை தவழ்ந்தபோது சுவரை நோக்கித்தான் தவழ்ந்தது. பல் முளைக்கிற காய்ச்சலில் சத்தியா மடியிலிருந்து நழுவிப்போய்ச் சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு கிடந்தது. அவள் ஏதாவது பாட ஆரம்பித்தால் முகம் சுளித்தது. அன்றோடு பாடுவதை விட்டாள்.

பிள்ளைக்கு வருசம் திரும்புகிற சமயத்தில் சுவர் வெளுக்கத் தொடங்கியது. முதலில் தரையோரம், பிறகு சன்னல் பக்கம், சாம்பல் பூத்த மாதிரி. குரல் கம்மியது. "துளிர்" என்பது "து..." என்று நின்றது. ஒருநாள் அதுவும் இல்லை.

பிள்ளை நாலு சுவரையும் மாறி மாறித் தட்டிப் பார்த்தது. உள்ளங்கையால் தட்டும், காதை வைக்கும், அடுத்த சுவருக்குப் போகும். பிறகு அழத் தொடங்கியது. பாலை வாயில் வைத்தால் துப்பியது. கூழைத் தட்டிவிட்டது. அழுது அழுது தொண்டை கட்டி, காற்று மட்டும் வந்தது. மருத்துவமனையில், உடம்பில் ஒன்றுமில்லை, ஆனால் இப்படியே சாப்பிடாமல் இருந்தால் தாங்காது, குழாய் போட வேண்டிவரும் என்றார்கள்.

தணிகை மேஸ்திரியைத் தேடிப் போனான்.

"தாய்ப்பூச்சு செத்துப்போவுமா, மேஸ்திரி?"

"பின்ன? வருசந்தான்டா அதுக்கு ஆயுசு. அப்படித்தான் செஞ்சிருக்கான். செவுரு அடங்க அடங்க புள்ள அம்மாகாரிகிட்ட ஏறிக்கும். ரெண்டும் ஒரே குரல்தானே, அதுக்கு வித்தியாசமே தெரியாது."

"ரெண்டும் வேற குரலா இருந்தா?"

அந்தோணி பீடியை வாயிலிருந்து எடுத்தார். "அது எப்படிடா வேறயா இருக்கும்? எந்தக் கேணப்பய அப்படிப் பூசுவான்?"

தணிகை வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

வீட்டில் சத்தியாவிடம் சொன்னான். டின் எந்த வீட்டுடையது, சுவரில் பேசியது யார், துளிர் என்பது என்ன, எல்லாவற்றையும். அவள் அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் மடியில் துவண்டு கிடந்த பிள்ளையின் உச்சந்தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"பொறக்கறதுக்கு முன்ன எதுவும் பண்ணக் கூடாதுன்னு சொன்னது நான்தானே," என்றாள். "அப்பவே பூசி நான் பட்டை கட்டியிருந்தா எங் குரலு ஏறியிருக்கும். நான்தான் வேணாம்னுட்டேன்."

அவன் ஏதோ சொல்ல வந்தான்.

"வேணாம். நீ பேசாத. அந்தம்மா வீடு எங்க இருக்கு?"

மிருதுளா கதவைத் திறந்தாள். ஆளே பாதியாக இளைத்திருந்தாள். தணிகையை அடையாளம் தெரிந்தது, ஆனால் எதற்கு வந்திருக்கிறான் என்று புரியவில்லை. அந்த வீட்டுக்குள் அவன் முதல்முதலாகப் பேச வேண்டியிருந்தது. வார்த்தை கோவையாக வரவில்லை. டின் என்றான், மிச்சம் என்றான், பூசிட்டேன் என்றான். கடைசியில் சத்தியாதான் சொன்னாள்.

"உங்க குரலக் கேட்டுத்தாம்மா இது வளந்துச்சு. செவுரு செத்துப்போச்சு. ஒரு வாய் குடிக்க மாட்டேங்குது. ஒரு தடவ பேசுங்க. போயிடறோம்."

மிருதுளாவுக்கு அது மெல்லத்தான் உறைத்தது. உறைத்ததும் முகம் சிவந்து குரல் உயர்ந்தது.

"சுரண்டிக் கொட்டுங்கன்னுதானே சொன்னேன்? ஒரு சொட்டு கூட இருக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? அது என் பிள்ளைக்குச் சொன்னது! அதுக்கு மட்டும் சொன்னது! அதையா எடுத்துட்டுப்போய்... எப்படிங்க மனசு வந்துச்சு உங்களுக்கு?"

சத்தியாவின் தோளில் பிள்ளை தலையைத் தூக்கியது.

மிருதுளா அதைக் கவனிக்கவில்லை. திட்டிக்கொண்டே போனாள். திருட்டு என்றாள், துரோகம் என்றாள். போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்றாள். பிள்ளையின் கண் அகலமாகத் திறந்தது. அழுகை விக்கலாகி, விக்கலும் நின்றது. சத்தியா அங்கேயே வாசற்படியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பையிலிருந்து பால்புட்டியை எடுத்து வாயில் வைத்தாள். பிள்ளை சப்பத் தொடங்கியது. மிருதுளாவின் பேச்சு பாதியில் நின்றது. உடனே பிள்ளை புட்டியை விட்டுவிட்டுச் சிணுங்கியது.

"திட்டுங்கம்மா," என்றாள் சத்தியா, தலை நிமிராமல். "நிறுத்தாதீங்க. குடிக்கறா பாருங்க. திட்டுங்க."

மிருதுளா குனிந்து பிள்ளையைப் பார்த்தாள். தனக்கே கேட்காத மாதிரி, "துளிர்," என்றாள்.

பிள்ளை முழுசாகத் திரும்பி அவளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது.

ஒரு தடவை என்றுதான் வந்தார்கள். ஒரு தடவையோடு முடிகிற காரியமா அது? மறுநாளும் பிள்ளை குடிக்கவில்லை. மறுநாளும் வந்தார்கள். குரலைப் பதிந்து கொடுத்துப் பார்த்தாள் மிருதுளா. பெட்டிக்குள்ளிருந்து வருகிற குரலைப் பிள்ளை நம்பவில்லை. அதற்குச் சூடும் துடிப்பும் சேர்ந்து வர வேண்டும். வேறு வழியில்லாமல், பூட்டிக் கிடந்த அந்த அறையைத் திறந்தாள். மழுக்கிய முனைகள், தாழ்ந்த சன்னல், தக்கைத்தரை எல்லாம் அப்படியே இருந்தன. சுவர் மட்டும் தணிகை அடித்த வெள்ளை. சாவைக் கழுவி அடித்த வெள்ளைக்குள் உட்கார்ந்து, செத்த பிள்ளைக்குச் சொன்னதையெல்லாம் அவள் தினமும் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல அவள் முகம் இருண்டது. பிள்ளை தேறியது.

சத்தியா பட்டறையை விட்டுவிட்டு அந்த வீட்டிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, துணி அலசுவது. சம்பளம் பட்டறையைவிடக் கூடுதல்தான். ஒரே ஒரு சிக்கல். அவள் நடுவில் பேசினால், "இந்தாடி கண்ணு," என்று ஒரு வார்த்தை சொன்னால்கூட, பிள்ளை திடுக்கிட்டு வாயிலிருப்பதைத் துப்பியது. பேசாதே என்று மிருதுளா ஒருநாளும் சொன்னதில்லை. சொல்கிற ஆளுமில்லை.

வேறு ஒரு வீட்டு வேலை முடிந்து அவர்களை அழைத்துப்போக வந்த தணிகை, அறை வாசலில் நின்றான். பழக்கத்தில் செருப்பைக் கழற்றி, கைபேசியை மரப்பலகையில் வைத்தான். துணியைக் கட்டிக்கொள்ளலாம் என்று பையைத் துழாவினால் துணியைக் காணோம்.

உள்ளே சத்தியா உட்கார்ந்திருந்தாள். அவனுடைய நாலு மடிப்புத் துணி அவள் மூக்குக்குக் கீழே இறுக்கிக் கட்டியிருந்தது. கையில் கூழ்க்கிண்ணம். எதிரே மிருதுளா. நடுவில், சுவரைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை எழுந்து நின்றது.

நின்றுகொண்டே மிருதுளாவைப் பார்த்து, "ம்மா," என்றது.

மிருதுளா சுட்டது போலப் பின்வாங்கினாள். "இல்ல... நான் இல்ல. அங்க பாரு துளிர். அங்க பாரு, அம்மா அங்க இருக்காங்க." விரலை சத்தியாவின் பக்கம் நீட்டிக்கொண்டே சொன்னாள்.

பிள்ளை விரலைப் பார்க்கவில்லை. குரல் வந்த வாயைத்தான் பார்த்தது. குரல் மறுபடியும் தன்னோடு பேசுகிறது என்ற சந்தோசத்தில், சுவரை விட்டுவிட்டு, அந்த வாயை நோக்கி முதல் அடி எடுத்து வைத்தது.

சத்தியாவின் துணி உள்பக்கமாக அசைந்தது. அவள் ஏதோ சொல்கிறாள் என்று வாசலில் நின்றவனுக்குத் தெரிந்தது. சத்தம் வெளியே வரவில்லை. நாலு மடிப்பு, நன்றாகத்தான் கட்டியிருந்தாள்.